இரத்த உரிமை மட்டும் அரியணை தந்ததா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இங்கிலாந்து அரசிகளுக்கு அதிகாரம் தந்தது பிறப்புரிமையா, அரசியல் ஆற்றலா என்பது இன்றைய வழக்கு. எட்டாம் ஹென்றிக்கு மகளாகப் பிறந்திராவிட்டால் முதலாம் மேரிக்கும் முதலாம் எலிசபெத்துக்கும் அரியணை ஏது என்று எதிரணி நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், உரிமை இருந்தும் முடிசூட முடியாமற்போன ஒருவரை அவர் வசதியாக மறந்துவிட்டார்.

முதலாம் ஹென்றியின் மகள் மட்டில்டாவை வாரிசாக ஏற்பதாக 1127இல் பிரபுக்கள் சத்தியம் செய்தார்கள். 1135இல் மன்னர் இறந்ததும், அதே சத்தியத்தைச் செய்திருந்த, மன்னரின் சகோதரி மகன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடிசூடினார். 1141இல் லிங்கன் போரில் ஸ்டீபன் சிறைப்பட்டபோது மட்டில்டாவுக்கு வழி திறந்தது. ஆனால், லண்டன்வாசிகளிடம் பெருந்தொகை கேட்டு, அவர்கள் மன்றாடியும் மனமிரங்காததால், முடிசூட்டுக்கு முன்பே அவர் விரட்டப்பட்டார்.

மேரியின் நிலை இதைவிட மோசம். முறையற்ற பிறப்பு என்று சட்டமே அவரை இழிவுபடுத்தியிருந்தது. 1544ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம் அரியணை வரிசையில் இடம் தந்ததே தவிர, அந்த இழுக்கைத் துடைக்கவில்லை. தம்பி ஆறாம் எட்வர்டோ சாகுமுன் அவரை ஒதுக்கி, ஜேன் கிரேயை வாரிசாக்கிவிட்டார். 1553 ஜூலை 10இல் ஜேன் அரசியாக அறிவிக்கப்பட்டபோது, தலைநகரும் லண்டன் கோட்டையும் ஆலோசனைக் குழுவும் எதிர்த்தரப்பின் கையில் இருந்தன; மேரியின் உறவினரான பேரரசர் ஐந்தாம் சார்லஸின் தூதர்களே அவர் வெல்வார் என்று நம்பவில்லை. மேரியோ நார்ஃபோக்கிலிருந்து தாமே அரசி என்று அக்குழுவுக்குக் கடிதம் எழுதி, ஃப்ராம்லிங்கம் கோட்டையில் படை திரட்டினார். ஜூலை 19இல் அதே குழு லண்டனில் அவரையே அரசியாக அறிவித்தது. மக்கள் திரண்டது அரச இரத்தத்துக்காகத்தானே என்பீர்கள். ஜேனும் ஏழாம் ஹென்றியின் கொள்ளுப்பேத்தி அல்லவா?

வென்றதோடு மேரி நிற்கவில்லை. மன்னருக்குள்ள அதிகாரம் முழுவதும் அரசிக்கும் உண்டு என்று 1554இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கணவராக வந்த ஸ்பெயின் இளவரசர் பிலிப்பின் கைகளைத் திருமண ஒப்பந்தம் கட்டிப்போட்டது. அந்த அடித்தளத்தின் மீதுதான் எலிசபெத் 44 ஆண்டுகள் ஆண்டார். திருமணம் செய்துகொள்ளுமாறு நாடாளுமன்றம் நெருக்கியபோதும் அவர் பிடிகொடுக்கவில்லை. ஒரு பொருளை ஒருவரே விற்கலாம் என்று அரசி வழங்கிய ஏகபோக உரிமங்களால் 1601இல் கொதித்தெழுந்த உறுப்பினர்களை, வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுத்து, அன்பான சொற்களாலேயே அடக்கினார். இந்தச் சாமர்த்தியம் எந்தப் பரம்பரைச் சொத்து, நடுவர் அவர்களே?

எதிரணிக்கு ஒரு கேள்வி. 1689இல் முடிசூடியவர்களுள், அரியணை இழந்த மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் மகளான இரண்டாம் மேரிக்கே கணவர் வில்லியமைவிட நெருங்கிய பிறப்புரிமை இருந்தது. மேரியோ தனித்து ஆள மறுத்தார். அவ்வாண்டு நாடாளுமன்றம் இயற்றிய உரிமைச் சட்டமும் ஆட்சி நடத்தும் அதிகாரத்தை வில்லியம் ஒருவரிடமே ஒப்படைத்தது. பிறப்பே அதிகாரம் தருமெனில், இது எப்படி நடந்தது? அடுத்துப் பேசும் நண்பர் விளக்கட்டும்.