சுவர் இருந்தால்தானே சித்திரம்!

சங்கத் தலைவர் அவர்களே, தமிழ் புரியாவிட்டாலும் முன்வரிசையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் துணை மேயர் அம்மையார் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, உள்ளே நமக்காக வடை சுட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் பொருளாளரை விட்டுவிட்டு இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

பிரான்ஸில் பழைய கட்டடங்களைக் காப்பது பற்றி, கட்டடம், சட்டம், காசு என்று மூன்றையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரி.

நார்மண்டியில் தியெப் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வராஞ்ஜெவில் என்று ஓர் ஊர். ழான் ஆங்கோ என்ற கப்பல் முதலாளி 1530-களில் எழுப்பிய பண்ணை மாளிகை அங்கே இருக்கிறது. மெக்சிக்கோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன தங்கக் கப்பல்களை நடுக்கடலில் மடக்கியவர்கள் இவருடைய ஆட்கள்தான். வீட்டில் இத்தாலியப் பாணித் தூண் தாழ்வாரம் உண்டு. ஆனால் முற்றத்தில் கால் வைத்ததும் கண் போவது புறா மாடத்துக்கு. வட்டக் கோபுரம், தலையில் வெங்காயம் கவிழ்த்தாற்போல் கூரை. சிவப்புச் செங்கலும் கறுப்புச் சிக்கிமுக்கிக் கல்லும் வெளிர் கல்லும் மாறி மாறி, சுவர் முழுக்கக் கோலம். உள்ளே 1600 பொந்துகள்! புறா மாடம் வைப்பது அன்று பிரபுக்களின் உரிமை. தன் வயலில் புறா மேய்ந்தாலும் குடியானவன் வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பிரெஞ்சுப் புரட்சியில், 1789 ஆகஸ்ட் 4 இரவு அந்த உரிமை போனது, மாடம் நின்றது. சுவர் இருந்தால்தானே சித்திரம்!

அடுத்தது சட்டம். வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் பிரெஞ்சுச் சட்டம் 1913 டிசம்பர் 31-ல் வந்தது. காப்பில் இரண்டு படி உண்டு. மேல்படியில் உள்ள கட்டடத்தை அனுமதியில்லாமல் பழுதுபார்க்கக்கூட முடியாது. 1943-ல் இன்னொன்று சேர்ந்தது: சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள், அதோடு சேர்ந்து கண்ணில் படும் வீடு வைத்திருப்பவரும் கேட்டுத்தான் வெளிப்புறத்தில் கை வைக்கவேண்டும்.

இதில் மாட்டியவர் என் நண்பர். கிராமத்தில் பழைய கல்வீடு வாங்கினார், பக்கத்தில் பழைய தேவாலயம். பிளாஸ்டிக் ஜன்னலுக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். “என் வீட்டு ஜன்னலுக்கு நான் எவனைக் கேட்கணும்?” என்று குதித்தார். அந்தக் கோபத்தில் உள்சுவர் முழுக்க சிமெண்ட் பூசினார். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? இரண்டாவது குளிர்காலத்தில் சுவர் வியர்த்தது. அலமாரியில் இருந்த பட்டுப்புடவையில் பூஞ்சணம். வீட்டம்மா பேச்சை நிறுத்திவிட்டார். கடைசியில் ஊர்க் கிழட்டுக் கொத்தனார் வந்து, விரல் முட்டியால் தட்டினார், பொத்பொத்தென்றது. “சுவருக்கு மழைக்கோட்டு போட்டுவிட்டு அதை உள்ளேயே குளிக்க வைத்திருக்கிறாயே!” என்றார்.

விஷயம் அதுதான். கல்லை மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து பூச நண்பருக்கு ஒரு கோடை முழுக்க ஆனது. அப்புறம்தான் புடவை அலமாரிக்குத் திரும்பியது. சுவர் இருந்தால்தானே சித்திரம்? அதனால்தான் மேடைக்கு மேடை கேட்கிறேன்: நம் சங்கம் வருஷத்துக்கு நாலு பிள்ளைகளையாவது சுண்ணாம்பு வேலை பழக அனுப்பட்டும். துணை மேயர் அம்மையாருக்கு இதை யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

காசைப் பற்றிப் பேசலாமென்றால் செயலாளர் சீட்டு நீட்டுகிறார், நேரமாகிவிட்டதாம். செப்டம்பரில் பழைய கட்டடங்களை எல்லோருக்கும் திறந்துவிடும் பாரம்பரிய நாட்களுக்கு வண்டி ஏற்பாடு செய்கிறோம், பெயர் கொடுங்கள். மேசைமேல் கொஞ்சம் சுண்ணாம்புச் சாந்து வைத்திருக்கிறேன், தொட்டுப் பாருங்கள். கை கழுவிவிட்டு வடைக்குப் போங்கள்.