சுங்கை பட்டாணியில் ஒரு கறுப்புப் பை

(காட்சி: தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் ஒரு வீட்டு வாசல், விடியற்காலை. தொட்டியில் கட்டி வைத்த கறுப்புப் பை.)

இது ஒரு குடும்பத்தின் மூன்று நாள் குப்பை. லாரி வருவதற்குள் இதைத் தரையில் கொட்டிப் பார்க்கப் போகிறேன்.

நேற்றைய சோறு, மீன் முள், தேங்காய்ச் சக்கை, வாழைப்பழத் தோல். அவற்றோடு ஒட்டிக்கிடப்பது ஒரு நாளிதழும் இரண்டு அட்டைப்பெட்டிகளும். நாளிதழைத் தூக்கினால் குழம்பில் ஊறிக் கிழிகிறது. நேற்று மாலை வரை இது பழைய பேப்பர்காரர் எடைபோட்டு வாங்கும் பொருள். ஓர் இரவு சோற்றோடு கிடந்ததால் இனி யாருக்கும் வேண்டாம்.

நம் மலேசியாவில் சட்டம் இருக்கிறது. 2007-இல் நிறைவேறிய திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நம் சுங்கை பட்டாணி இருக்கும் கெடா உள்ளிட்ட சில மாநிலங்களில் நடப்புக்கு வந்தது. 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது அங்கெல்லாம் கட்டாயம். பிரிக்காதவருக்கு 1,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பைக்கு, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கு என்று லாரியின் முறையும் வகுக்கப்பட்டது. நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2012-இல் 10.5 விழுக்காடு, 2022-இல் 33.17. நல்ல ஏற்றம்.

ஆனால் 2012-இல் அரசு எடுத்த ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு. காகிதம் 8.5 மட்டுமே. கிட்டத்தட்ட பாதிப் பை ஈரம். அந்த ஈரம்தான் மீதிப் பாதியையும் கெடுக்கிறது. குப்பைமேட்டில் காற்றுப் படாமல் புதைந்தால் அதே சோறு மீத்தேன் வாயுவாகிறது. அதன் சாறு மண்ணில் இறங்குகிறது.

(காட்சி: ரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் பழைய லயன் வீடுகள், பின்னால் வாழைமரங்கள்.)

தோட்டத்தில் என் பாட்டிக்கு இதற்கெல்லாம் சட்டம் தேவைப்படவில்லை. கழுநீர் மாட்டுக்கு, மிஞ்சிய சோறு கோழிக்கு, கீரைத்தண்டு வாழையடிக்கு. ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது நாங்கள் தாமானுக்கு வந்தோம். மாடும் கோழியும் வரவில்லை. பின்கட்டு முழுவதும் சிமெண்ட். நம் மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கொட்டுவதற்கு மண் எங்கே இருக்கிறது?

அந்த மண்ணை ஒரு கூடைக்குள் கொண்டுவரலாம். சமையல் கழிவைக் கூடையிலேயே உரமாக்க, ஜப்பானியரான கோஜி தகாகுரா இந்தோனேசியாவின் சுராபாயா நகரில் உருவாக்கிய முறை இது. கெடா நெல் விளையும் மாநிலம். உமிக்கும் தவிட்டுக்கும் பஞ்சமில்லை. இரண்டையும் கலந்துகொள்ளுங்கள். சர்க்கரைத் தண்ணீரில் தாப்பாயும் (புளிக்கவைத்த அரிசி அல்லது மரவள்ளி) தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா) போட்டுச் சில நாள் புளிக்க வைத்து, அந்த நீரைத் தெளித்துப் பிசையுங்கள். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். நீர் சொட்டக் கூடாது. மூடி வைத்தால் சில நாளில் வெள்ளைப் பூஞ்சை படரும். பயப்படாதீர்கள், அதுதான் வேலைக்காரன்.

பிறகு அதை, உள்ளே அட்டை வைத்த, துளைகள் உள்ள கூடையில் நிரப்புங்கள். சமையல் கழிவைச் சிறிதாக நறுக்கிப் புதைத்து, தினமும் ஒருமுறை கிளறி, துணியால் மூடுங்கள். காற்றுப் போய்வந்தால் நாற்றம் வராது. பெரிய எலும்பும் சிப்பி ஓடும் மட்டும் வேண்டாம்.

தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைக் கூடையிலும் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். ஆறவைத்துப் போத்தலில் அடையுங்கள். பயோடீசல் செய்வதற்காக அதை விலைகொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

"பிரித்து வைத்தாலும் கடைசியில் எரிக்கத்தானே போகிறார்கள்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 2018-இல் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குக் கதவை மூடியதும் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் மலேசியாவுக்குள் குவிந்தது. இந்த ஊரும் இரவில் எரியும் பிளாஸ்டிக்கின் நெடியைச் சுவாசித்தது. அழுக்கும் கலப்புமாக வருவதைப் பிரிக்கச் செலவு அதிகம். அதனால்தான் அது நெருப்புக்குப் போகிறது. கழுவிக் காயவைத்த தண்ணீர்ப் போத்தலுக்கு வாங்குபவர் இருக்கிறார்.

(காட்சி: அதே வீடு, கூடை வைத்த நான்காம் நாள். கூடையின் துணியை விலக்கும் கை.)

அக்கா வீட்டில் வைத்த கூடை இது. உள்ளே கை வைத்தால் சூடு தெரிகிறது. திங்கட்கிழமை போட்ட வெண்டைக்காய்க் காம்பைத் தேடினேன். அடையாளம் காண முடியவில்லை. வாசலில் நாளிதழ்கள் காய்ந்தபடியே அடுக்கிக் கட்டியிருக்கின்றன. பேப்பர்காரரின் வேன் அடுத்த தெருவில் வந்துகொண்டிருக்கிறது.