பத்து கோல்களும் ஒரு மறுப்பும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்களே, இந்த மைதானத்தைப் பேணிவரும் நகராட்சிப் பெருந்தகைகளே, வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் ஆட்டக்காரர்களே, இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நான் மேடைதோறும் சொல்லி வருகிறேன். அதை மறந்த ஒரு நாட்டைப் பற்றியும், கோட்ஃபிரீட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானியரின் கால்பந்து ஆட்டத்திறனைப் பற்றியும், நம் கடமையைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

ஃபுக்ஸ் 1889இல் கார்ல்ஸ்ரூஹே நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மரவணிகம் செய்துகொண்டே, ஊதியம் பெறாமல் ஆடினார். 1910இல் அவருடைய கழகம் ஜெர்மன் வாகையர் பட்டம் வென்றது. 1912 ஜூலை 1 அன்று, ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜெர்மனி ரஷ்யாவை 16–0 என்று வென்றபோது, பத்து கோல்களை அவர் ஒருவரே அடித்தார். முதல் உலகப்போரிலும் நாட்டுக்காகப் போரிட்டார். ஆயினும் ஹிட்லரின் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், 1933 ஏப்ரலில் தென் ஜெர்மானியக் கால்பந்துக் கழகங்கள் யூதர்களை விலக்கத் தீர்மானித்தன. அவருடன் ஆடிய யூதரான யூலியுஸ் ஹிர்ஷ் 1943இல் அவுஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார், திரும்பவில்லை. 1937இல் வெளியேறிய ஃபுக்ஸ், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் வழியாகக் கனடா சேர்ந்து உயிர்பிழைத்தார்.

இனி நான் சொல்வதை இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். மான்ஹைமில் பிறந்து, சிறுவனாக ஃபுக்ஸின் ஆட்டத்தைக் கண்டு மயங்கிய செப் ஹெர்பெர்கர், பின்னாளில் பயிற்சியாளராகி 1954இல் ஜெர்மனிக்கு உலகக்கோப்பை வென்று தந்தார். அந்த மாமனிதர் தன் வீரநாயகனை மறக்கவில்லை. 1972 மே மாதம் மியூனிக்கின் புதிய ஒலிம்பிக் அரங்கில் ஜெர்மனி சோவியத் அணியை எதிர்கொள்ளவிருந்தது. ரஷ்யாவுக்கு எதிராகப் பத்து கோல் அடித்தவரை அந்த ஆட்டத்திற்கு விருந்தினராக அழைக்க வேண்டுமென்று ஹெர்பெர்கர் கால்பந்துச் சங்கத்திடம் கேட்டுக்கொண்டார். எவ்வளவு பொருத்தமான வேண்டுகோள், பெரியோர்களே! அது முன்னுதாரணமாகிவிடும் என்று சங்கம் மறுத்துவிட்டது. உலகக்கோப்பை தந்தவர் கேட்டும் மறுத்தது! ஃபுக்ஸோ அவ்வாண்டு பிப்ரவரி 25 அன்றே மாண்ட்ரியலில் மறைந்திருந்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்தவர் ஹெர்பெர்கர்; நினைக்கத் தவறியது சங்கம்.

ஆகவேதான் நான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன்: மைதானம்தோறும், அங்கு ஆடியவர்களின் பெயர்களைச் சாதி, மத வேறுபாடின்றிப் பொறித்த பலகை வேண்டும். நகராட்சிப் பெருந்தகைகள் இம்மைதானத்தின் வாயிற்சுவரை அதற்கு ஒதுக்கித் தருமாறும், முன்வரிசைப் பெரியவர்கள் தம்மோடு ஆடியவர்களின் பெயர்களை இன்றே எழுதித் தருமாறும் வேண்டிக்கொள்கிறேன்.