பதின்மூன்றாவது ஜெர்சி

(எங்கள் ஊர்க் கபடி மன்றத்தின் ஆண்டுவிழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கும், முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும், மதில் ஓரமாக நின்று கேட்கிற அம்மாமார்களுக்கும் வணக்கம்.

இந்த வருடம் வாங்கிய கோப்பைகளைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். கோப்பைகள் மேசை மேல் இருக்கின்றன, எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரு போட்டோவைப் பற்றிப் பேசுகிறேன்.

போன வருடம் ஆடி மாதம் திருப்பூரிலிருந்து பார்சல் வந்தது. களத்துக்குக் கொண்டுவந்து, வேப்பமரத்தடியில் வைத்துத்தான் பிரித்தோம். புது ஜெர்சிக்கு ஒரு வாசனை உண்டு, அது ஆடியவர்களுக்குத் தெரியும். கவரைக் கிழித்ததும் பையன்கள் முதலில் மூக்கில் வைத்துத்தான் பார்த்தார்கள். உள்ளே 12 ஜெர்சி. கபடியில் களத்துக்குள் 7 பேர், வெளியே மாற்று ஆட்கள் 5 பேர். அந்தக் கணக்கில் 12. அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் 16 பேர்.

பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தோம். 12 பேரும் அங்கேயே போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். படம் எடுக்க ஆள் வேண்டுமே. பக்கத்தில் நின்ற ஒரு பையன் கையில் யாரோ போனைக் கொடுத்து, "தம்பி, ஒண்ணு எடுடே" என்றார்கள்.

அவன் நம்மிடம் ஆட வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து நம் களத்துக்கு ஆட வந்த முதல் பையன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மற்றவர்கள் வருவதற்குள் வந்து களத்தில் கல் பொறுக்கிக்கொண்டு இருப்பான். பள்ளிக்கூட பி.டி. பனியனைப் போட்டுக்கொண்டுதான் 'கபடி கபடி' என்று எதிரணிப் பக்கம் பாடிப் போவான். அவன் பொறுமையாக மூன்று படம் எடுத்தான். ஒருத்தன் கண்ணை மூடிவிட்டான் என்று அவனே சொல்லி இன்னொன்றும் எடுத்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். "டியூஷன் இருக்கு சார்" என்றான். நம் ஊரில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறவர் யாரும் கிடையாது. அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் படம் இப்போதும் மன்றத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. இடது ஓரத்தில் நான் நிற்கிறேன்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்த காரியம் இல்லை இது. அதனால்தான் மேடையில் சொல்கிறேன். வேண்டுமென்று செய்திருந்தால் தட்டிக்கேட்க ஒரு ஆள் இருப்பார். இங்கே ஒரு கணக்குத்தான் வேலை செய்தது, 12 என்கிற கணக்கு. அது போட்டி நடத்துகிறவர்களின் கணக்கு. நம் களத்துக் கணக்கு இல்லை.

ஜெர்சியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்தில் மண்ணில் ஆடிய கணேசன், 1994ல் ஹிரோஷிமாவில் இந்தியா என்று எழுதிய பனியனைப் போட்டு ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தார். அந்தச் செய்தி நம் பக்கத்துப் பையன்களுக்குக் கொடுத்த தெம்பு கொஞ்சமா? நம் ஊர்ப் பையனும் மன்றத்து ஜெர்சியை ரேஷன் கடைக்குப் போட்டுப் போகிறான், கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போகிறான். அவன் அம்மா அதை மட்டும் தனியாக அலசி நிழலில் காயப் போடுகிறார். "நான் இவங்க ஆள்" என்று வாயைத் திறக்காமல் சொல்ல ஒரு துணி கிடைத்திருக்கிறது. அது அவனுக்கு வேண்டும். என் வருத்தமெல்லாம், யாருக்கு அது ரொம்பத் தேவையோ அவனுக்குக் கடைசியாகக் கிடைக்கிறது என்பதுதான். ஐந்து வருடமாக ஆடுகிறவனுக்கு ஜெர்சி இல்லாவிட்டாலும் அவன் நம் ஆள்தான், ஊருக்கே தெரியும். நேற்று வந்தவனுக்கு அப்படி எதுவும் இல்லை.

பள்ளிக்கூடச் சீருடையை நினைத்துப் பாருங்கள். பெயரை எழுதினவுடன் எல்லாருக்கும் ஒரே துணி. நன்றாகப் படித்தால்தான் சீருடை என்று எந்த வாத்தியாரும் சொல்வதில்லை. காமராசர் காலத்திலிருந்து நம் மாநிலத்துக்குப் பழகிய விஷயம் இது. களத்துக்கு வந்ததும் மட்டும் அது எப்படி மாறிப் போகிறது?

அப்புறம், துணியில் என்ன எழுதியிருக்கிறது என்கிற விஷயம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆடிய காலத்தில் கை இல்லாத பனியன். சாயப் பொடி வாங்கி ஒரே அண்டாவில் எல்லாவற்றையும் முக்கி எடுப்போம். முதுகில் பெயிண்டால் நம்பர். அதற்கப்புறம் ஸ்கிரீன் பிரிண்டிங் வந்தது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் செய்ய வேண்டும், நிறம் கூடக் கூடக் காசு கூடும். அதனால் ஊர்ப் பெயர், நம்பர், அதோடு சரி. இப்போது சப்ளிமேஷன். கம்ப்யூட்டரில் வரைந்ததைக் காகிதத்தில் அச்சடித்து, பாலியஸ்டர் துணி மேல் வைத்து, 200 டிகிரி அளவுக்குச் சூடு கொடுத்து அழுத்துகிறார்கள். மை ஆவியாகி இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. உரியாது, வெடிக்காது. ஒரு நிறமும் நூறு நிறமும் ஒரே விலை. ஆள் முகம் போட்டாலும் அதே விலை.

முகம் போடக் காசு இல்லை என்றானதும் ஜெர்சி முழுக்க முகங்கள் வந்துவிட்டன. தென் மாவட்டங்களில் போட்டி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நெஞ்சில் ஒரு தலைவர், முதுகில் ஒரு தலைவர். படம் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இரண்டு நிறத்தைச் சேர்த்துப் போட்டாலே இன்ன ஆட்கள் என்று கேலரியில் இருக்கிறவன் படித்துவிடுகிறான். போட்டி நடத்த அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போன கமிட்டிக்காரர்களுக்குத் தெரியும். வீரர்களின் உடையில் சாதித் தலைவர் படமோ கட்சித் தலைவர் படமோ இருக்கக் கூடாது என்று உத்தரவிலேயே நிபந்தனை போட்டுத்தான் அனுமதி வந்திருக்கிறது. ஒரு விளையாட்டுப் பனியனுக்கு நீதிமன்றம் நிபந்தனை போட வேண்டியிருக்கிறது என்றால் நாம் எங்கே நிற்கிறோம்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுகிற வண்ணக் கயிறு, மோதிரம், திலகம் எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்று அதில் பரிந்துரை இருக்கிறது. கையில் கட்டுகிற ஒரு முழக் கயிறே அவ்வளவு பேசும் என்றால், நெஞ்சை மூடுகிற துணி என்னவெல்லாம் பேசும்? புதிதாக வருகிற பையன் களத்துக்குள் கால் வைக்கும் முன்னால் அதைத்தான் படிக்கிறான். படித்துவிட்டு அப்படியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். அவன் வந்து போனதே நமக்குத் தெரியாது.

நம் ஜெர்சியில் தலைவர் முகம் எதுவும் இல்லை, நல்ல விஷயம். ஆனால் உபயதாரர் பெயர் உண்டு. இந்த வருடம் உபயம் சிங்கப்பூரில் வேலை பார்க்கிற நம் ஊர்த் தம்பி. இறந்துபோன அவர் அப்பா நினைவாகத் தருகிறார். அனுப்பின பெயரில், கடைசியில் சாதிப் பட்டமும் சேர்ந்திருந்தது. நான் போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, அப்பா பேரு கண்டிப்பா போடுவோம். பின்னாடி இருக்கிறது மட்டும் வேண்டாமே."

"அப்பா முழுப் பேரே அதுதானே சார்" என்றார். கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அவர் அப்பாவை உங்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சுண்ணாம்புத் தூள் சட்டியோடு வந்து களத்துக்குக் கோடு போடுகிறவர். கயிறு பிடிக்காமல் போடுவார், ஒரு விரல்கடை கோணாது. அதைச் சொன்னேன். "உங்க அப்பாவைக் களத்துல யாரும் முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லையே தம்பி. பிள்ளைங்க எல்லாம் கோட்டு மாமான்னுதான கூப்பிடும்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "அதையே போடுங்க சார்" என்றார்.

அதனால் இந்த வருட ஜெர்சியின் கையில் 'கோட்டு மாமா நினைவாக' என்று வருகிறது. அதை யார் வீட்டுப் பிள்ளையும் போட்டுக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பிள்ளைகள் சுடிதாரில் ஆட வந்தார்கள். "நாளைக்கு ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு வாங்கம்மா" என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் ஒருத்திதான் வந்தாள். மற்ற இரண்டு பேர் வீட்டுக்கும் போய்க் கேட்டேன். ஒரு அம்மா சொன்னார்: "ஆடட்டும் சார், நான் வேண்டாங்கலை. அந்த டவுசரோட பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எப்படி நடந்து வருவா?" நமக்குக் களம்தான் கண்ணில் இருந்தது. அவருக்குக் களத்துக்கு வருகிற வழி கண்ணில் இருந்தது.

கபடிக்குத் தொளதொளவென்ற துணி ஆகாது, அதுவும் உண்மைதான். பாடி வருகிறவரின் உடுப்பைப் பிடித்து இழுப்பது தவறு என்று விதியில் இருந்தாலும், ஆட்ட வேகத்தில் கை துணியில்தான் விழும். சரி, ஷார்ட்ஸுக்கு உள்ளே முழுக்கால் லெகின்ஸ், மேலே கொஞ்சம் நீளமான ஜெர்சி என்று முடிவு செய்தோம். இரண்டு பேரும் திரும்ப வந்தார்கள். இன்றைக்கு 9 பேர் ஆடுகிறார்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. தலைத்துணியோடு ஆடக் கூடாது என்று சொன்னதால் 2011ல் ஈரான் பெண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் ஆட முடியாமல் போனது. 2014ல்தான் அந்தத் தடை முழுசாக நீங்கியது. 2021ல் நார்வே நாட்டுப் பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் ஆட்டத்தில் பிகினிக்குப் பதில் ஷார்ட்ஸ் போட்டார்கள் என்று 1,500 யூரோ அபராதம் போட்டார்கள். அந்த வருடமே விதியை மாற்றவும் வேண்டி வந்தது. ஒரு இடத்தில் துணி அதிகம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் துணி நீளம் என்கிறார்கள். ஆடுகிற பெண்ணை இரண்டு இடத்திலும் கேட்கவில்லை. இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணி 2023 உலகக் கோப்பைக்கு வெள்ளை ஷார்ட்ஸை விட்டு நீலத்துக்கு மாறியது. மாதவிடாய் நாட்களில் வெள்ளை போட்டு ஆடுவது எவ்வளவு பயம் என்று ஆடுகிறவர்களே சொன்ன பிறகு வந்த மாற்றம் அது. நம் பிள்ளைகளுக்குக் கீழே கறுப்பு. அதைப் பற்றி இனி யாரும் கமிட்டியில் பேசி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

அளவு கேட்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் "எல்லாரும் சைஸ் போடுங்க" என்று எழுதிவிடுகிறோம். நல்ல உடம்புள்ள ஒரு பையன் அதில் "எல்" என்று போட்டான். ஜெர்சி வந்தபோது அது அவன் தோளோடு நின்றுவிட்டது, எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்குத் தன் அளவு தெரியாமல் இல்லை. 40 பேர் பார்க்கிற இடத்தில் எழுத மனசு வரவில்லை. இனிமேல் நம் டிரெயினர் தம்பி ஒவ்வொருத்தரையும் தனியாகக் கூப்பிட்டு, டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளட்டும். பெண் பிள்ளைகளுக்கு நம் சத்துணவு அக்கா அளப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

லண்டனில் புஷி பார்க் என்ற பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேர் ஓடி ஆரம்பித்த பார்க்ரன் இன்றைக்கு எத்தனையோ நாடுகளில் நடக்கிறது. சனிக்கிழமை காலையில் 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, என்ன உடுப்பிலும் வரலாம். அங்கே 25 தடவை, 50 தடவை, 100 தடவை என்று முடித்தவர்களுக்கென்று தனி டீசர்ட் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு வேகமாக ஓடினாய் என்று பார்ப்பதில்லை, எத்தனை தடவை வந்தாய் என்று பார்க்கிறார்கள். ஓடாமல் நின்று உதவி செய்கிறவர்களுக்கும் அதே மாதிரி எண்ணிக்கை உண்டு. இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நாம் இப்படி வைத்துக்கொள்வோம்: 20 நாள் பயிற்சிக்கு வந்த யாருக்கும் ஜெர்சி, நம்பரோடு. போட்டியில் யார் இறங்குவது என்பதை ஆட்டத்தைப் பார்த்துக் கோச் முடிவு பண்ணட்டும். அந்த 20 நாள் ஆகிறவரைக்கும் புதுப் பிள்ளைகள் பயிற்சியில் போட மன்றமே 10 பனியன் வாங்கி வைக்கட்டும். பழைய ஜெர்சியைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். இன்னொருத்தன் பெயர் முதுகில் இருக்கும்.

முன்னாடி மாதிரி 'குறைஞ்சது இத்தனை பீஸ் எடுக்கணும்' என்கிற சாக்கும் நமக்கு இல்லை. சப்ளிமேஷனில் சட்டம் செய்கிற வேலையே கிடையாது, ஒன்று வேண்டுமென்றால் ஒன்றே அடிக்கலாம். போன வருடம் ஒரு ஜெர்சி 320 ரூபாய். கூட 6 எடுத்தால் 1,920 ரூபாய். வாசலில் கட்டியிருக்கிற வரவேற்பு ப்ளெக்ஸுக்கு அதைவிடக் கூடக் கொடுத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ஆர்டர் அனுப்புகிறோம். 18 ஜெர்சி. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, பெயர் விட்டுப்போயிருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். 13ஆம் நம்பருக்கு எதிரே மட்டும் அளவு எழுதவில்லை. நாளைக்குச் சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டுக்குப் போகிறேன். அந்தப் போட்டோவில் நின்ற 12 பேரில் யார் யார் கூட வருகிறீர்கள்? ஐந்து மணிக்கு வேப்பமரத்தடியில் நிற்பேன்.