தராசுக்குப் பக்கத்தில் ஒரு சோப்பு

(களப்பணிக்குக் கிளம்பவிருந்த செவிலியர் மாணவிகளிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

மாணவிகளே, நாளைக்குச் சென்னையின் குப்பைக் கிடங்கு இருக்கிற கொடுங்கையூர் போகிறீர்கள். குப்பை பொறுக்குகிறவர்கள், காயலான் கடையில் பிரிக்கிறவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், இவர்களைத்தான் பார்க்கப் போகிறீர்கள். காலை ஒன்பது மணிக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். விடியும் முன்பே கோணிப்பையோடு கிளம்பியிருப்பார்கள். நாம் ஓ.பி. சீட்டு போடுகிற நேரம்தான் அவர்கள் சம்பாதிக்கிற நேரம். "வரச் சொன்னோம், வரவில்லை" என்று நானும் பல வருடம் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். அது தப்பு. மதியம் எடை போட வருவார்கள். தராசுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

அப்படி நின்ற ஒரு நாள், ஒரு அக்கா ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தார். அவிழ்த்தால் சின்னதாக ஒரு புள்ளி. "ஊசி குத்திடுச்சும்மா, காலைல. ரத்தத்தைப் பிதுக்கி எடுத்துட்டேன், காய்ஞ்ச ஊசிதான்" என்றார். இரண்டுமே ஆபத்து. பிதுக்கக் கூடாது, சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். காய்ந்த ரத்தத்திலும், கல்லீரலைத் தாக்குகிற ஹெபடைட்டிஸ் பி கிருமி ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று டாக்டர் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த அக்காவை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு போடுகிற இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு "தள்ளி நில்லு" என்றார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவரை உட்கார வைக்கத்தான் அன்றைக்கு எனக்கு அதிக நேரம் பிடித்தது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்றாவதுதான் எப்போதும் விட்டுப்போகும். தேதியைக் கடைக்காரரிடமும் எழுதிக் கொடுங்கள். அவர் கணக்கு நோட்டில் இருந்தால் மறக்காது.

அப்புறம் பிள்ளைகள். வீட்டு வாசலில் செம்புக்காக ஒயரை எரிப்பார்கள், பேட்டரியை உடைப்பார்கள். ஈயத்தூள் சட்டையோடு பாய்க்கு வந்துவிடும். வயிற்றுக்குள் போகிற ஈயத்தைச் சின்னக் குழந்தை உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு உறிஞ்சும். எரிக்காதே என்று சொன்னால் நின்றுவிடாது. உரித்த செம்புக்கு நல்ல விலை கிடைக்கிறதா என்று கடையில் கேட்டுச் சொல்லுங்கள். வேலைச் சட்டையை வெளியே கழற்றி, கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடத்தில் வருகிற வீடு அது. கழுவு என்று சொல்லும் முன் குடத்தைப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் யாராவது இன்சுலின் போட்டால், ஊசியை மூடி போட்ட கெட்டி டப்பாவில் சேர்த்துத் தனியாகக் கொடுங்கள். அந்த அக்கா விரலில் குத்தியது ஏதோ ஒரு வீட்டு ஊசிதான்.

சரி, பஸ் பத்தரைக்கு. ஆளுக்கு ஒரு சோப்பும் தண்ணீர் கேனும் எடுத்து வாருங்கள்.