வேன் இழுக்கவில்லையா? முதலில் புகையைப் பாருங்கள்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நாமக்கல்லில் முப்பது வருஷமாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். பழைய வேனை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் இறங்கும்போதே சொல்வது இதுதான்: "அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது. புகையா தள்ளுது." அடுத்ததையும் அவர்களே கேட்டுவிடுவார்கள்: "பம்பு வேலையா, இல்ல எஞ்சின் போர் பண்ணணுமா?" பம்பு என்பது டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புவது, போர் என்பது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்கிற பெரிய வேலை. இரண்டுமே தேவையில்லாமல் போகலாம். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

போன ஆடி மாதம் ஒரு வேன் வந்தது. வார நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், லீவு நாட்களில் கொல்லிமலை சவாரி. காரவள்ளி அடிவாரம் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவு என்பது உங்களுக்குத் தெரியும். பத்து வளைவுகூட ஏறவில்லை, முதல் கியரிலேயே திணறி நின்றுவிட்டது, பின்னால் பைக்கில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள் என்றார் டிரைவர் தம்பி. அதற்குள் வேறு இடத்தில் இரண்டு தடவை பம்பைக் கழற்றி செட் பண்ணியாகிவிட்டது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் நான்கும் புதிது. அடுத்து எஞ்சினை இறக்குவதற்கு நாள் பார்த்திருந்தார்கள்.

ஏர் பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தம்பியை ஆக்ஸிலேட்டர் மிதிக்கச் சொன்னேன். சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் சீறியதும் கைக்குக் கீழே ஹோஸ் லேசாக உள்வாங்கியது. வெளியே ஒரு விரிசல் கிடையாது. கிளாம்ப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், உள் அடுக்கு எண்ணெய் ஆவியில் ஊறி, வாழைப்பட்டை மாதிரி உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓடும்போது அது ஓரமாகக் கிடக்கிறது. மிதித்ததும் காற்று அதை இழுத்துக் குறுக்கே போட்டுவிடுகிறது. சில நூறு ரூபாய் ஹோஸ். இதற்காகத்தான் பம்பு இரண்டு தடவை கழன்றது.

விறகடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகைத் திணித்துவிட்டு ஊதாமல் விட்டால் என்ன ஆகும்? கரும்புகைதான். டீசல் எஞ்சினும் அப்படித்தான். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் பதினான்கரை கிலோ காற்று வேண்டும். பழைய வேன்களில் பென்ஸ் வடிவமைப்பில் வந்த 2.4 லிட்டர் எஞ்சின் நிறைய ஓடுகிறது. அது நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது கணக்குப்படி 3,600 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். மொட்டைமாடியில் வைத்திருக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் மூன்றரை. ஒரே நிமிடத்தில். அந்த வழியில் ஒரு துண்டு ரப்பர் தொங்கினாலோ, பில்டரில் செங்கல் சூளைத் தூசி அப்பியிருந்தாலோ, டீசல் மட்டும் வந்து விழும், எரிய வழி இருக்காது.

அதனால் நான் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் கணக்கு இது: இழுவை குறைந்து கரும்புகையும் வந்தால் காற்றைத் தேடு. இழுவை குறைந்து புகையே வராவிட்டால் டீசலைத் தேடு. கரும்புகைக்கு நாசில் ஒழுகுவது, டீசல் தெளிக்கிற நேரம், அதாவது டைமிங் தள்ளிப்போவது, பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருப்பது என்று வேறு காரணங்களும் உண்டு. பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் சுற்றாமல் இருந்தாலும் எஞ்சின் பாரம் தாங்காமல் கருப்பாகத்தான் கக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு டிரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் தகித்தால் எஞ்சினைத் தொட வேண்டாம்.

புகையில்லாமல் இழுவை போனால் பலர் குழம்பிவிடுகிறார்கள். புகை இல்லையே, எஞ்சின் நன்றாகத்தானே இருக்கிறது என்று கிளட்சை மாற்றுகிறார்கள். டீசல் பில்டர் அடைத்திருக்கலாம். டேங்குக்குள் இருக்கிற சல்லடையில் துரு சேர்ந்திருக்கலாம். ஆக்ஸிலேட்டர் கேபிள் நீண்டுபோய், பெடல் தரையைத் தொட்டும் பம்பு லீவர் பாதிதான் திரும்பும். உள்ளே ஒருவர் மிதிக்க, வெளியே ஒருவர் லீவரைப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு வேனுக்கு நான் கண்டது டேங்க் மூடி. பழைய மூடி தொலைந்துபோய், காற்று போகத் துளையில்லாத மூடியை மாட்டியிருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர் நன்றாக ஓடும், பிறகு சோர்ந்துவிடும். மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. அதோடு சரி.

லைனில் காற்று கலக்கிறதா என்று பார்க்க, பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரித் தெரிகிற டீசல் ட்யூப் ஒரு முழம் மாட்டுங்கள். குமிழ் ஓடினால், டேங்கிலிருந்து வருகிற வழியில் ஏதோ ஒரு வாஷர் ஏர் எடுக்கிறது.

வெள்ளைப்புகை கொஞ்சம் நிதானம் கேட்கிற விஷயம். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கண் எரிகிற மாதிரி, பச்சை டீசல் வாடையோடு வந்து, சூடானதும் நின்றால், ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளே சூடேற்றுகிற ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். டீசலைப் பற்றவைக்க இந்த எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை இருபது பங்குக்கு மேல் ஒரு பங்காக நசுக்கும்போது வருகிற சூடுதான் நெருப்பு. சூடு போதாவிட்டால் டீசல் எரியாமல் ஆவியாக வெளியே வரும். எஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக நசுங்குகிறது என்று காட்டுகிற காம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நான் சொன்ன 2.4 லிட்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 22 முதல் 24 பார் காட்டினால் நல்ல உடம்பு. 15-க்குக் கீழே போனால் எஞ்சின் வேலைதான். வாடையே இல்லாத வெள்ளை, ரேடியேட்டர் தண்ணீரும் குறைகிறது, ஆயில் பால் மாதிரி திரிந்திருக்கிறது என்றால், எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்கும். அந்த வண்டியை அப்படியே நிறுத்துங்கள், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

நீலப்புகை ஆயில். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து வாயில் கவிழ்த்து வையுங்கள். மூடி துள்ளிக் கீழே விழுந்தால் பேக் காம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து சிலிண்டர் அழுத்தம் கீழே கசிகிறது. போர் வேலை என்று அப்போது சொல்லுங்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் தொழில் பழகுகிற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. எந்த நாசில் கெட்டது என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே நாசிலுக்கு டீசல் வருகிற பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம். எந்த நட்டைத் தளர்த்தும்போது புகை நிற்கிறதோ அந்த சிலிண்டர்தான் குற்றவாளி. துணியைச் சுற்றி, ஸ்பேனரை எட்டிப் பிடித்துச் செய்யுங்கள். கழற்றிய நாசிலைச் சோதிக்கும்போது அதன் முன்னால் விரலை நீட்டவே கூடாது. இந்த எஞ்சினிலேயே நாசில் திறக்க 115 முதல் 125 பார் அழுத்தம் வேண்டும். ஊசி மாதிரி தோலுக்குள் டீசலை ஏற்றிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட அப்போது வராது. வீட்டுக்குப் போய்விடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. விரலையே இழக்க வேண்டி வரலாம்.

புகை சர்டிபிகேட்டுக்காக நடக்கிற ஒரு காரியம் எனக்குப் பொறுக்கவில்லை. பிஎஸ் நான்கு என்கிற புகை விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்கு, புகையின் கருமையை அளக்கிற மீட்டரில் 65 எச்எஸ்யூ வரை அனுமதி. அதற்குள் வர வேண்டுமென்று முதல் நாள் பம்பில் டீசலைக் குறைத்துவிட்டு, சர்டிபிகேட் வாங்கிய மறுநாள் பழையபடி கூட்டிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது சைலன்சர் குழாய்க்கு நேரே நிற்பது எல்கேஜி பிள்ளையின் முகம்.

ஆடி மாத வேனில், ஹோஸை மாற்றிய பிறகும் கருப்பு முழுதாகப் போகவில்லை. இழுவை இல்லை என்று முன்னால் பார்த்தவர்கள் பம்பில் டீசலைக் கூட்டிக் கூட்டி வைத்திருந்தார்கள். பம்பு மட்டும் சரிபார்க்கிற பம்பு ரூமுக்கு அனுப்பி, கம்பெனி அளவுக்கே திரும்ப வைத்து வாங்கினேன். ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்னால் நானே பக்கத்தில் உட்கார்ந்து கொல்லிமலைக்குப் போனேன். இரண்டாவது கியரில் திணறாமல் ஏறியது. உச்சியை நெருங்கும்போது பின்னால் பார்க்கிற கண்ணாடியில் மெல்லிசாகக் கருப்பு தெரிந்தது. தம்பி பதறிப்போய் என்னைப் பார்த்தார். சமவெளியோடு பார்த்தால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு, காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ இல்லாத எஞ்சினுக்கு அங்கே அந்த அளவு கருப்பு வரத்தான் செய்யும், இதற்காக யாரையும் பம்பைத் தொட விடாதீர்கள் என்று சொன்னேன். சாயங்காலம் அடிவாரத்துக்கு இறங்கி வந்து மிதித்துப் பார்த்தபோது அந்தக் கருப்பு இல்லை.

வணக்கம்.