ஓ-ரிங் வாங்கும் முன் உள்ளே என்ன ஓடுகிறது என்று பாருங்கள்

வணக்கம் நண்பர்களே! கையில் இருக்கிற இந்த ரெண்டு ஓ-ரிங்கையும் பாருங்கள், இணைப்பில் கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையங்கள். ரெண்டும் கறுப்பு, ஒரே அளவு. அழுத்திப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்று நைட்ரைல், இன்னொன்று ஈபிடிஎம்; ரெண்டும் வேறு வேறு ரப்பர் வகை.

இதே மாதிரி இன்னொரு ஜோடியை நேற்று ராத்திரி டீசலில் ஊறப்போட்டிருந்தேன். இதோ எடுக்கிறேன். நைட்ரைல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஈபிடிஎம்மைப் பாருங்கள், ஊறிப் பருத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. இனி இது மாட்டுகிற பள்ளத்தில் உட்காராது.

உடனே ஈபிடிஎம் மட்டமான ரப்பர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வெந்நீர், நீராவி, வெயில் எல்லாம் தாங்கும். நைட்ரைலை வெயிலில் விட்டால் வெடிப்பு விழும். அப்புறம், கார் பிரேக்கில் ஊற்றுகிற டாட் 3, டாட் 4 திரவம் பெட்ரோலிய எண்ணெய் கிடையாது, கிளைக்கால் வகை. அங்கே நைட்ரைல்தான் கெடும், ஈபிடிஎம் நிற்கும். ஒன்று மட்டும் கவனம்: மாட்டும்போது வழுக்கட்டும் என்று ஈபிடிஎம்மில் சாதாரண கிரீஸ் தடவினால் டீசலில் நடந்த அதே கதைதான். சிலிகோன் கிரீஸ் போடுங்கள்.

சூடு 100 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து இருந்தால் நைட்ரைல் நாளடைவில் இறுகிவிடும். எண்ணெயும் சூடும் சேர்ந்தால் வைட்டான் என்கிற ரப்பர், 200 டிகிரி வரை போகலாம். விலைதான் கையைக் கடிக்கும். விலை கூட என்பதற்காக எல்லா இடத்துக்கும் அதை வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அசிட்டோன் பட்டால் வைட்டானும் ஊதிவிடும். குளிரும் ஆகாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் சிதறியதே, அந்த பூஸ்டர் ராக்கெட்டின் ஓ-ரிங் வைட்டான் வகைதான். பிறகு விசாரணையில் இயற்பியலாளர் ஃபைன்மன் அந்த ரப்பர் துண்டைக் கிளாம்பில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். கிளாம்பைத் தளர்த்தியதும் ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை. எல்லோர் கண்ணெதிரிலும் காட்டினார்.

குளிர், சூடு ரெண்டையும் சிலிகோன் ரப்பர் தாங்கும். ஆனால் சட்டென்று கிழியும். ஷாஃப்ட், அதாவது அசைகிற தண்டு, உரசுகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

சரி, கடினத்தன்மை. அதை ஷோர் ஏ என்கிற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் ரப்பர் கடினம். பொதுவாகக் கிடைப்பது 70 ஷோர் ஏ. ஹைட்ராலிக் சிலிண்டர் மாதிரி அழுத்தம் அதிகமான இடத்தில் 90 கேளுங்கள். இல்லையென்றால் ரப்பர் இடுக்கில் பிதுங்கி, எலி கடித்த மாதிரி ஓரம் தின்றுபோகும். பழைய ஓ-ரிங்கைக் கழற்றும்போது அந்த ஓரத்தைப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள்.